பக்கத்தில் ஒரு தொட்டில்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி ரோட்டில் பஸ் பிடித்தால், உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் கீழ்பென்னாத்தூர் வந்துவிடும். அக்கா வீடு அங்கேதான். அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். சென்னையில் வேலை பார்க்கிற பெண், வழக்கப்படி அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள், கையில் ஒரு கிலுகிலுப்பையோடு போய் இறங்கினேன்.

வீட்டில் சண்டை. சத்தமே இல்லாத சண்டை. குழந்தை தூங்குகிறதே!

சண்டை, குழந்தை எங்கே தூங்குவது என்பதில்தான். என் அம்மா, அதாவது குழந்தையின் கொள்ளுப்பாட்டி, தன் பழைய நூல் புடவையை உத்தரத்தில் கட்டி ஏணை தயாராக வைத்திருந்தாள். "உங்க அம்மா, உன் மாமன், நீ... எல்லாம் இதுல தூங்குனவங்கதான்" என்பது அவள் வாதம். அக்காவோ, "ஏணையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பெத்தவ பக்கத்துல பாயில போட்டா போதும்" என்றாள். பிள்ளை பெற்றவள் செல்போனை நீட்டினாள். அதில் ஒரு கட்டிலோரத் தொட்டில். பெரியவர்களின் கட்டிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கட்டில் பக்கத்துத் தடுப்பைக் கீழே இறக்கினால், எழுந்திருக்காமலே கையை நீட்டிக் குழந்தையைத் தொடலாம். விலை பதினைந்தாயிரம் ரூபாய்.

"மாமா, நீங்க பத்திரிகைக்காரர்தானே? எது சேஃப்னு நீங்களே சொல்லுங்க."

மூன்று தலைமுறையும் என்னைப் பார்த்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் படித்தது பி.காம்.! வரவு செலவு கேட்டால் சொல்லலாம். தொட்டிலைப் பற்றி என்னத்தைச் சொல்ல? "ரெண்டு நாள் டைம் குடு" என்று தப்பித்து வந்துவிட்டேன். அந்த இரண்டு நாள், இரண்டு வாரம் ஆனது. ஏனென்றால், எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த அதே சண்டை, உலகத்தில் குறைந்தது மூவாயிரம் வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

*

பைபிளில் வரும் சாலமோன் ராஜா தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் தாய் என்று உரிமை கொண்டாட, "வாளைக் கொண்டுவாருங்கள், ஆளுக்குப் பாதி" என்றான் ராஜா. அதெல்லாம் கிளைமாக்ஸ். வழக்கு எப்படி ஆரம்பித்தது என்பதை நாம் கவனிப்பதில்லை. இரண்டு பெண்களுக்கும் குழந்தை இருந்தது. ராத்திரித் தூக்கத்தில் ஒருத்தி தன் குழந்தை மேலேயே புரண்டு படுத்துவிட, அது மூச்சுத் திணறி இறந்துவிட்டது. உலகத்தின் மிகப் பிரபலமான தீர்ப்புக்குப் பின்னால் இருப்பது, பக்கத்தில் படுத்த தாயால் நேர்ந்த ஒரு விபத்து!

இந்த பயம் ஐரோப்பாவை ஆட்டிப் படைத்தது. மத்திய காலத்தில், குழந்தையைத் தன் படுக்கையில் போட்டுக்கொண்டு தூங்கி அது இறந்துபோனால், தாய் பாவமன்னிப்புக் கேட்டுத் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று சர்ச் விதிகளே இருந்தன. ஆனால் குளிர் நாட்டில், ஒற்றை அறையில், ஒரே போர்வைக்குள் குடும்பமே படுக்கிற ஏழைக்கு வேறு வழி ஏது? தாயிடமிருந்து பிரித்தால் குழந்தை குளிரில் விறைக்கும், பாலுக்கு அழும். சேர்த்துப் போட்டால் நசுங்கும். இரண்டு பக்கமும் இடி.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்து ஆசாமிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயர் ஆர்க்குச்சியோ. லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1732-ல் இதன் படமும் விவரமும் வந்தது. மூன்றடிக்குக் கொஞ்சம் அதிகமான நீளத்தில் ஒரு மரச் சட்டம். தலைமாட்டில் பலகை. மேலே வளைவாக ஓர் இரும்புப் பட்டை. குழந்தையை உள்ளே படுக்கவைத்து, அப்படியே தாயின் கட்டிலில், அவள் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அவள் தூக்கத்தில் புரண்டாலும் சட்டம் தாங்கிக்கொள்ளும். போர்வை விழுந்தாலும் முகத்தில் அமுங்காது. இதில் அழகு என்னவென்றால், பக்கவாட்டில் பள்ளமாக வெட்டி வைத்திருந்தார்கள். குழந்தையை வெளியே எடுக்காமலே தாய் சாய்ந்து பால் கொடுக்கலாம்! ஃப்ளாரன்ஸில் பிள்ளை வளர்க்கிற செவிலிகள் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் மதத்தைவிட்டே விலக்கிவிடுவார்கள் என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது.

அக்கா மகள் செல்போனில் காட்டியது புது ஐடியா இல்லை. அதற்குப் பாட்டி, ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன்பே இத்தாலியில் இருந்திருக்கிறாள்.

*

தொட்டிலும் பழசுதான். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்துபோன ஹெர்குலேனியம் நகரத்தைத் தோண்டியபோது, ஒரு வீட்டில் மரத் தொட்டில் கரிக்கட்டையாகக் கிடைத்தது. அடியில் வளைந்த கட்டைகள் வைத்த, ஆட்டுகிற தொட்டில். நம் பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடும்போது, அவனுக்குத் தங்கத் தொட்டில் அனுப்பிவைப்பது யார் தெரியுமா? சாட்சாத் பிரம்மா!

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொட்டில் இருக்கிறது. திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத் திருவிழாவில், தேரோட்டத்தன்று மாட வீதியில் நின்று பார்த்தால் தெரியும். நீளமான கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தொட்டிலாக முடிந்து, உள்ளே குழந்தை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோளில் தாங்கிக்கொண்டு வீதியைச் சுற்றி வருவார்கள். 'பிள்ளை பிறந்தால் கரும்புத் தொட்டில் எடுக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டவர்களின் நேர்த்திக்கடன்.

இதைச் சொல்லும்போதே வல்லாள மகாராஜா கதையையும் ஊரில் சொல்வார்கள். பிள்ளையில்லாத ராஜா. அண்ணாமலையாரே அவனுக்குக் குழந்தையாக வந்து மறைந்தார். அவன் செத்த பிறகு மகனாக இருந்து காரியம் செய்வேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குப்படி இன்றைக்கும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதிக்கரையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார்.

வரலாற்று வல்லாளன், ஹொய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன். கடைசிக் காலத்தில் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு மதுரை சுல்தான்களோடு மோதியவன். எண்பது வயதில் போருக்குப் போய்ப் பிடிபட்டான். அவனைக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதைக் கண்ணால் பார்த்ததாக இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். 1340-களின் தொடக்கத்தில் நடந்த கொடூரம். வேடிக்கை என்னவென்றால், நிஜ வல்லாளனுக்கு மகன் உண்டு. அப்பனுக்குப் பிறகு பட்டத்துக்கும் வந்தான். ஆனால் ஊர் மனதில் நின்றது பிள்ளைக்கு ஏங்கிய ராஜாதான். அந்த ஏக்கம்தான் ஜனங்களுக்குப் புரிகிற விஷயம்.

எங்கள் அம்மாவும் இந்தக் குழந்தைக்காகக் கரும்புத் தொட்டில் வேண்டியிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. இதைத் தெரிந்துகொண்டால்தான், கூடத்தில் நடந்த சண்டை ஏன் அவ்வளவு தீவிரமாக இருந்தது என்பது புரியும். மூன்று பேருக்குமே அந்தச் சின்ன மூச்சைப் பற்றித்தான் கவலை.

*

சரி, மேற்கே திரும்புவோம். ஸ்காட்லாந்தில் டண்டீ என்று ஒரு ஊர். சணல் ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே போலீஸ் சர்ஜனாக இருந்த சார்லஸ் டெம்பிள்மேன், படுக்கையில் மூச்சுத் திணறி இறந்த 258 குழந்தைகளின் கணக்கை 1892-ல் வெளியிட்டார். என் போன்ற கணக்குப் பிள்ளைகளுக்கு அது ஓர் அதிர்ச்சிப் பட்டியல். மற்ற நாட்களைவிட, சனிக்கிழமை ராத்திரியில் சாவு மிக அதிகம். ஏன் சனிக்கிழமை? வாரச் சம்பளம் கையில் வருகிற நாள். சாராயக் கடை நிரம்புகிற நாள். குடி, அறியாமை, நெரிசலான வீடு என்று காரணங்களை அடுக்கினார் டாக்டர். குழந்தை பேரில் எடுத்த இன்ஷூரன்ஸ் பணமும் காரணமாக இருக்கலாம் என்று சிலர் சந்தேகப்பட்டதையும் குறிப்பிட்டார். 1908-ல் பிரிட்டன் சட்டமே போட்டது. குடித்துவிட்டுக் குழந்தையோடு படுத்து, அது மூச்சுத் திணறி இறந்தால் குற்றம்.

ஆனால் எல்லாச் சாவும் தாய் நசுக்கியதால்தானா? இல்லை. குழந்தைகளைத் தனித் தொட்டிலுக்கு, தனி அறைக்கு மாற்றிய பிறகும் சாவு நிற்கவில்லை. ராத்திரி நன்றாகப் பால் குடித்துத் தூங்கிய குழந்தை, காலையில் தொட்டிலில் இறந்து கிடந்தது. காயம் இல்லை, நோய் இல்லை. 'தொட்டில் மரணம்' என்று பெயர் வைத்தார்கள். அதுவரை தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் இப்போது கையைப் பிசைந்தார்கள்.

துப்பு, கண்ணெதிரேதான் கிடந்தது. 1944-ல் நியூயார்க்கில் ஹெரால்ட் ஆப்ரம்சன் என்ற டாக்டர், மூச்சுத் திணறி இறந்ததாகப் பதிவான குழந்தைகளை ஆராய்ந்தார். மூன்றில் இரண்டு பங்கு, குப்புறக் கிடந்தவை! யார் கேட்டார்கள்? அதற்கு நேர் எதிராகத்தான் உபதேசம் நடந்தது. மல்லாக்கப் படுத்தால் கக்குவது மூச்சுக்குழாயில் போய்விடும், குப்புறப் போடுங்கள் என்றார்கள். அமெரிக்காவின் பிரபல குழந்தை டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. 1950-களின் பிற்பகுதிப் பதிப்புகளிலிருந்து அதிலும் இதே அறிவுரை. மேற்கத்திய நாடுகளில் ஒரு தலைமுறைக் குழந்தைகளே குப்புறத் தூங்கின.

1991 ஜூலையில் லண்டனில் ஆன் டயமண்ட் என்ற டி.வி. தொகுப்பாளரின் நாலு மாதக் குழந்தை, காலையில் எழுந்திருக்கவில்லை. ஊரறிந்த முகம். அழுதுவிட்டு உட்காரவில்லை அந்த அம்மா. நியூசிலாந்தில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிச் சாவைக் குறைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கேயே போய்ப் பார்த்தார். திரும்பிவந்து அரசாங்கத்தைப் பிடித்து உலுக்கினார். அதே டிசம்பரில் பிரிட்டனில் பிரசாரம் ஆரம்பித்தது. செய்தி ஒரே வரிதான்: மல்லாக்கப் படுக்கவையுங்கள். அடுத்த ஒரே வருடத்தில் தொட்டில் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன!

கொடுமை என்ன தெரியுமா? 2005-ல் ரூத் கில்பர்ட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பழைய ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். 1970-லேயே ஆதாரம் இருந்திருக்கிறது. அப்போதே யாராவது உட்கார்ந்து கூட்டியிருந்தால், பிரிட்டனில் மட்டும் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் பிழைத்திருக்கலாம். இருபது வருடம், யாரும் டேலி பண்ணாத ஒரு லெட்ஜர்!

நம்மூரில் ஆயாக்கள் குழந்தையை மல்லாக்கத்தான் போட்டார்கள். அது தானாகக் குப்புற விழுந்தால்தான் விசேஷம். நாலு வீட்டுக்குச் சொல்லுவோம். படிக்காத ஆயா இந்த விஷயத்தில் பெரிய டாக்டரை ஜெயித்துவிட்டாள்.

இதைப் படித்ததும் எனக்கு உற்சாகம். அக்காவுக்கு போன் போட்டேன். "பாத்தியா, நான் சொல்லல? பாயிலயே போட்டுக்கறோம்" என்றாள். அவசரப்பட்டுவிட்டேன். கதை அங்கே முடியவில்லை.

*

ஆயாவின் கட்சிக்கு ஆதரவாக இன்னொரு சங்கதியும் உண்டு. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் பாகிஸ்தானியக் குடும்பங்கள் நிறைய. வெள்ளைக்காரக் குழந்தைகளைவிட இவர்கள் குழந்தைகளுக்குத் தொட்டில் மரணம் குறைவு. இத்தனைக்கும் இவர்கள்தான் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள். ஆராய்ந்தபோது தெரிந்தது: இந்தத் தாய்மார்கள் பெரும்பாலும் சிகரெட் பிடிப்பதில்லை, குடிப்பதில்லை. தாய்ப்பால் கொடுப்பது அதிகம். குழந்தையைத் தனி அறையில் விடுவதில்லை. பெற்றோர் அறையிலேயே குழந்தை தூங்கினால், மரண அபாயம் ஐம்பது சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் சொன்னது. தனி அறை நாகரிகத்தை நூறு வருடம் வளர்த்துவிட்டு, கடைசியில் 'குழந்தையை உங்கள் அறைக்கே கூட்டிவாருங்கள்' என்று சரணடைந்தார்கள்.

ஆனால் அதே சங்கம் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னது. அறை ஒன்றாக இருக்கட்டும். படுக்கை வேறாக இருக்கட்டும். 2022-லும் அதையே திருப்பிச் சொன்னது.

ஏன்? பாய் வேறு, மெத்தை வேறு. கெட்டியான தரையில் விரித்த பாயில் அமுங்குவதற்கு எதுவும் இல்லை. விழுவதற்குப் பள்ளம் இல்லை. சுவரோரம் இடுக்கு இல்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஃபோம் மெத்தையில் வைத்தால்? மெத்தை அமுங்கி, குழந்தை பெரியவர் பக்கம் சரிகிறது. கனமான போர்வை, பஞ்சுத் தலையணை, இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சுவர் இடுக்கு. அப்பா சிகரெட் பிடிப்பவர், குடிப்பவர் என்றால் ஆபத்து பல மடங்கு. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் இன்னும் மோசம். எல்லாவற்றையும்விட அபாயம், குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவிலேயே கண்ணயர்வது.

அக்கா மகள் பாயில் படுக்கிறவள் இல்லை. சிசேரியன் தையலோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா? கட்டில், மெத்தைதான். இதைச் சொன்னதும் அக்கா போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.

*

அடுத்தது ஏணை. இதைச் சொல்லத்தான் எனக்குக் கை கூசியது. அம்மா கட்டிய ஏணையில் வளர்ந்தவன் நான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். துணித் தொட்டிலில் குழந்தை நேராகக் கிடப்பதில்லை, வில்லாக வளைகிறது. பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலை கனம். தாடை நெஞ்சில் போய் இடித்தால், அதன் மெல்லிய மூச்சுக்குழாய் மடங்குகிறது. சத்தம் போட்டு அழக்கூட முடியாது. இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து முகத்தை மூடினால் வெளியிலிருந்து தெரியாது. துணியை விரித்துப் பிடிக்க நடுவில் ஒரு கட்டை வைப்பார்களே, அது நழுவினால் தலையில் விழும். குழந்தை வளர்ந்தபின் வேறு ஆபத்து. ஏணையை ஊஞ்சலாக்கி முறுக்கி விளையாடிய பிள்ளைகளுக்குக் கழுத்து இறுகிய செய்தி நம் தினசரிகளில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

'அதெல்லாம் பழைய புடவைச் சமாச்சாரம், கம்பெனி தொட்டிலில் பயமில்லை' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் என்ற பெரிய பொம்மை கம்பெனி, 2009-ல் 'ராக் அண்ட் ப்ளே' என்று ஒரு படுக்கையை விற்பனைக்கு விட்டது. சாய்வு நாற்காலி மாதிரி முப்பது டிகிரி சரிவு. ஆட்டினால் குழந்தை சொக்கித் தூங்கும். தாய்மார்கள் கொண்டாடினார்கள். 2019 ஏப்ரலில் 47 லட்சம் படுக்கைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது கம்பெனி. அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தன. 2023-ல் மறுபடி எச்சரித்தபோது, அந்த எண்ணிக்கை சுமார் நூறு! காரணம், ஏணைக்குச் சொன்ன அதே காரணம்தான். சரிவில் தாடை நெஞ்சில் இடிக்கிறது; உடம்பு மடங்குகிறது. பத்து டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் தூங்குவதற்கு லாயக்கில்லை என்றது ஆய்வு. 2022-ல் சாய்வுப் படுக்கைகளையும், தொட்டில் ஓரத்தில் கட்டுகிற குஷன்களையும் சட்டம் போட்டே தடை செய்தது அமெரிக்கா.

*

கடைசியாக, கட்டிலோரத் தொட்டில். பதினைந்தாயிரம் ரூபாய்க்காரி. அக்கா மகள் ஜெயித்துவிட்டாளா?

முக்கால்வாசி. மீதிக் கால்வாசி ரொம்ப முக்கியம்.

அமெரிக்காவில் தொட்டில் கம்பிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 1973-ல் போட்ட விதி. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. குளிர்பான டின் உள்ளே நுழைந்தால் அந்தத் தொட்டில் வேண்டாம் என்று எளிமையாகச் சொல்வார்கள். இடைவெளி அதிகமானால் குழந்தையின் உடம்பு வெளியே வழுக்கிவிடும், தலை மாட்டிக்கொள்ளும். சிம்ப்ளிசிட்டி என்று ஒரு கம்பெனியின் கட்டிலோரத் தொட்டில். பக்கவாட்டு இரும்புக் கம்பிகளின் இடைவெளி இந்தக் கணக்குக்கு மேலே. அதைத் துணி மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. துணியின் ஒட்டு விலகியபோது, இரண்டு குழந்தைகள் கம்பிகளுக்கு இடையே மாட்டி இறந்தன. 2008 ஆகஸ்டில் அரசாங்கமே 'உடனே நிறுத்துங்கள்' என்று எச்சரித்தது.

இனி வருவதுதான் என் பி.காம். ரத்தத்தைக் கொதிக்கவைத்த இடம். அந்தக் கம்பெனி நொடித்துப்போய், அதன் சொத்துக்களை அதே வருடம் ஏப்ரலில் இன்னொரு கம்பெனி ஏலத்தில் எடுத்திருந்தது. தொட்டில்களைத் திரும்பப் பெறச் சொன்னது அரசாங்கம். புது கம்பெனி மறுத்துவிட்டது. பழைய கம்பெனி தயாரித்த பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது அவர்கள் கட்சி. சொத்து எங்களுடையது, பொறுப்பு எங்களுடையதல்ல! கடைசியில் கடைக்காரர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காலேஜில் சொத்து இடது பக்கமா வலது பக்கமா என்று மனப்பாடம் செய்தபோது, அந்த 'பொறுப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒரு குழந்தையின் கழுத்து இருக்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இதே போலத்தான், ஒரு பக்கத்தை மேலும் கீழும் இறக்குகிற தொட்டில்கள். அமெரிக்கா முழுக்கப் பல வருடங்கள் ஓடின. கொக்கி கழன்று, பக்கச் சட்டம் பிரிந்து, இடுக்கில் மாட்டி 2000-க்குப் பிறகு மட்டும் 32 குழந்தைகள் பலி. 2011 ஜூனிலிருந்து விற்பனைக்கே தடை. கட்டிலோரத் தொட்டில்களுக்கென்று தனி விதிகள் வந்தது 2014-ல்தான். அதாவது, பல அம்மாக்கள் வாங்கி, சிலர் பறிகொடுத்த பிறகு.

*

அப்படியானால் பணக்கார நாட்டுக்கும் ஏழைக்கும் பொதுவாக ஒரு வழியே இல்லையா? இருக்கிறது. அது ரொம்ப மலிவு.

ஃபின்லாந்து அரசாங்கம் 1938-லிருந்து ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி கொடுத்தது. 1949-லிருந்து எல்லாருக்கும். உள்ளே துணிமணி, அடியில் ஒரு சின்ன மெத்தை. பொருட்களை எடுத்துவிட்டால் அந்த அட்டைப்பெட்டிதான் குழந்தைக்குப் படுக்கை! நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்குக் குழந்தையைப் பிரித்துப் போட மனம் வராது, நம்மைப் போலவே. தொட்டில் மரணமும் அவர்களிடம்தான் அதிகம். 'பிரித்துப் போடு' என்று டாக்டர்கள் அதட்டியும் பலிக்கவில்லை. 2006 வாக்கில் டேவிட் டிபீன்-லீச் என்ற மாவோரி டாக்டரும் மற்றவர்களும் தங்கள் பாரம்பரிய முறையில் ஒரு கூடை முடைந்தார்கள். பெயர் வஹகுரா. தட்டையான அடி, சின்ன விளிம்பு. கூடையோடு குழந்தையை அம்மா படுக்கையிலேயே வைக்கலாம். பக்கத்திலும் இருக்கிறது, தனியாகவும் இருக்கிறது. 2011 கிறைஸ்ட்சர்ச் பூகம்பத்தில் வீடிழந்த தாய்மார்களுக்கு இதையே பிளாஸ்டிக் பெட்டியில் செய்து கொடுத்தார்கள். ஃப்ளாரன்ஸ் ஆர்க்குச்சியோ, மாவோரி அவதாரம் எடுத்தது!

நம்மூரிலும் 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவித்த தாய்மார்களுக்குப் 16 பொருட்கள் கொண்ட பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சோப்பு, எண்ணெய், லேகியத்தோடு அதில் குழந்தைக்கு ஒரு படுக்கையும் வலையும் இருந்தன. அந்தச் சின்னப் படுக்கையின் அருமை எத்தனை வீட்டில் தெரிந்ததோ!

*

இரண்டு வாரம் கழித்து மறுபடி கீழ்பென்னாத்தூர். பையில் ஒரு இஞ்ச் டேப்.

தீர்ப்பைச் சொன்னேன். கட்டிலோரத் தொட்டில் வாங்கலாம், ஆடம்பரம் வேண்டாம். அடி தட்டையாக, மெத்தை கையால் அழுத்தினால் குழி விழாத கெட்டியாக இருக்கணும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையக்கூடாது. பக்கத்தில் வலை இருந்தால் நல்லது. கம்பி என்றால் டேப்பை வைத்து அளக்கணும். கட்டிலோடு சேர்த்து ஆடாமல் கட்டணும். நடுவில் இடுக்கு விழுந்தால், தடுப்பை இறக்கவே கூடாது. உள்ளே தலையணை, பொம்மை, கனத்த போர்வை, ஓரக் குஷன் எதுவும் ஆகாது. மல்லாக்கத்தான் போடணும். குழந்தை புரளவோ கையூன்றி எழும்பவோ ஆரம்பித்த அன்றைக்கே அந்தச் சின்னத் தொட்டிலுக்கு ரிட்டையர்மெண்ட்.

"பொம்மைகூட வேணாமா மாமா? வெறும் கட்டாந்தரை மாதிரி இருக்குமே!"

"கட்டாந்தரை மாதிரிதாம்மா இருக்கணும்."

அக்காவுக்குத் திருப்தி. பிள்ளை பெற்றவள் பக்கத்திலேயேதான் இருக்கிறது. சண்டையில் தோற்றது அம்மாதான். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே எழுந்துபோய், உத்தரத்தில் கட்டிய புடவையை அவிழ்த்தாள். மெதுவாக மடித்தாள். எனக்கு என்னவோ போல இருந்தது.

"ஏம்மா, கோவமா?"

"கோவம் என்னடா... உனக்கு முன்னால ஒண்ணு பொறந்துச்சு. இருபத்தி மூணாம் நாள். ராத்திரி பால் குடிச்சிட்டு ஏணைல தூங்குன புள்ள. காலையில பாத்தா..." நிறுத்திவிட்டாள். "அப்ப ஊர்ல என்னென்னவோ சொன்னாங்க. நான் பால் குடுத்தது சரியில்லன்னாங்க. தோஷம்னாங்க."

நாற்பது வயதைத் தாண்டிய எனக்கு, அப்படி ஓர் அண்ணன் இருந்தான் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அவன் ஏன் போனான் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. டண்டீயில் அந்தத் தாய்மார்களைப் பேசினார்கள். கீழ்பென்னாத்தூரிலும் பேசியிருக்கிறார்கள்.

"உன் மேல தப்பில்லம்மா" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரப் படிப்புத் தேவைப்பட்டது. அவளுக்கு அது ஐம்பது வருடம் தாமதமாகக் கிடைத்தது.

மடித்த புடவையை அவள் பீரோவில் வைத்தாள். "கார்த்திகைக்கு இதையே கரும்புல கட்டிக்கலாம். அது வேண்டுதல். பகல்ல, முழிச்சிருக்கிற புள்ளைய, எல்லாரும் பாத்துக்கிட்டே கூடப் போறது. அதுக்கு ஒண்ணும் சொல்லமாட்டியே?"

"கரும்பு நான் வாங்கித் தரேம்மா" என்றேன்.